முதலில் அசெம்ப்ளி

சேலம்,
5.8.1996

அன்புள்ள அக்காவுக்கு,

ஜானகி எழுதுவது. நான் சௌக்கியம். ஹாஸ்டல் சாம்பாரைத் தவிர வேறு குறை இல்லை. உன் சளி விட்டதா? ஒக்கலிபுரத்தில் ஒரு வாரமாக மழை என்று அப்பா சொன்னார். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலைக்குப் போ.

கடைசி வருஷம் தொடங்கிவிட்டது. நானும் உன்னைப் போல சின்ன சிப்புக்குள் புரோகிராம் எழுதுகிற வேலைக்குத்தான் வரப்போகிறேன். தராசோ, கரண்ட் மீட்டரோ, வாஷிங் மெஷினோ, எதுவானாலும் சரி. பேங்குக்கு சாஃப்ட்வேர் எழுதி அமெரிக்கா போகிற ஆசை எனக்கில்லை. என் ரூம்மேட் அனுஷாவுக்கு அதுதான் ஆசை, அவள் போகட்டும்.

இந்த வேலைக்கு முதலில் எந்த மொழியைப் படிக்க வேண்டும், அக்கா? காலேஜில் இரண்டு லேப். ஒன்றில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சி படிக்கலாம். இன்னொன்றில் 8051 சிப் வைத்த பலகையில் பொத்தானைத் தட்டித் தட்டி அசெம்ப்ளி படிக்கலாம். ஒருத்தருக்கு ஒன்றுதான். ஆகஸ்ட் 31க்குள் பெயர் கொடுக்க வேண்டும், அப்புறம் மாற்ற முடியாது. ப்ராஜெக்டும் அதில்தான், வேலை தேடுவதும் அதை வைத்துத்தான்.

எட்டு வருஷமாக அந்த வேலையிலேயே இருக்கிறவள் நீ. நீ எதைச் சொல்கிறாயோ அதில் பெயர் கொடுத்துவிடுவேன். வேறு யாரையும் கேட்கவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புத் தங்கை,
ஜானகி

*

ஒக்கலிபுரம், பெங்களூர்,
17.8.1996

ஜானகிக்கு ஆசிகள்.

சளி விட்டுவிட்டது, இருமல் மட்டும் இருக்கிறது. அப்பாவுக்குக் கால் வீக்கம் குறைந்ததா என்று ஒரு வரி எழுது. அவராக எழுத மாட்டார்.

அசெம்ப்ளி. நாளைக்கே பெயரைக் கொடு.

காரணம் கேட்பாய், சொல்கிறேன். எங்கள் தராசுக்குள் இருக்கிற சிப்புக்கு நினைவிடம் மொத்தமே நூற்று இருபத்தெட்டு பைட். அம்மாவின் அஞ்சறைப்பெட்டி அளவு. அதற்குள் சி-யைத் திணித்தால் மூடி மூடாது. சி எல்லாம் ஏ.சி. ரூமில் பெரிய கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு கால் மேல் கால் போட்டு எழுதுகிறவர்களுக்கு. இங்கே பீன்யா தொழிற்பேட்டையில் யாரும் சி பக்கமே போவதில்லை.

நீ எழுதுகிற ஒவ்வொரு புரோகிராமையும் எனக்குத் தபாலில் அனுப்பு. முழுத்தாளை நடுவில் மடித்துக்கொள். இடது பக்கம் புரோகிராம். வலது பக்கம் ஒவ்வொரு வரிக்கும் எதிரே அந்த வரி என்ன செய்கிறது என்று தமிழில் எழுத வேண்டும். தமிழில் சொல்ல வரவில்லை என்றால் உனக்குப் புரியவில்லை என்று அர்த்தம். எட்டு வருஷமாக நான் இப்படித்தான் எழுதுகிறேன், ஆபீஸில் சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். சிவப்பு மையில் திருத்தி அனுப்புகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

தமயந்தி

*

ஒக்கலிபுரம்,
18.8.1996
(இது தபாலில் போடப்படவில்லை)

ஜானகி,

நேற்று உனக்கு எழுதியது பொய். ஜூன் மாதமே எங்கள் ஆபீஸுக்கு அந்தச் சிப்புக்கான சி கம்பைலர் வந்துவிட்டது. புதுத் தராசை முழுக்க சி-யில் எழுதப்போகிறார்கள். பயிற்சிக்கு மூன்று பேரை அனுப்பினார்கள், மூன்று பேரும் நேற்று வந்த பி.இ. பையன்கள். நான் போய் நின்றேன். “நீங்க டிப்ளமோதானே மேடம், பழைய தராசையே பாத்துக்குங்க, அதுக்கும் ஆள் வேணும்ல” என்றார் மேனேஜர் ஷங்கர் சார். சிரித்துக்கொண்டே சொன்னார், நானும் சிரித்துவிட்டு வந்தேன். வயிறு பற்றி எரிந்தது.

அந்தச் சூட்டில் உன் கடிதம் வந்தது. பத்தாம் வகுப்பில் உன்னைவிட நான் நாற்பத்தோரு மார்க் அதிகம். “பொம்பளப் புள்ளைக்கு டிப்ளமோ போதும்” என்று சொன்ன அதே அப்பா, உனக்கு வரும்போது பி.இ. அப்ளிகேஷனைத் தானே போய் வாங்கி வந்தார். நீ சி-யும் படித்துவிட்டு வந்தால் அந்த மூன்று பேரோடு நாலாவதாக நீயும் உட்காருவாய். என்னை மேடம் என்று கூப்பிட்டுப் பழைய தராசைப் பார்த்துக்கொள்ளச் சொல்வாய்.

நீ நன்றாக இருக்க வேண்டும்தான். ஆனால் என்னைவிட

*

சேலம்,
6.10.1996

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், உன் நலம் அறிய ஆவல். அப்பாவுக்கு வீக்கம் இறங்கிவிட்டது. ஆனால் உப்பைக் குறைக்கச் சொன்னால் டாக்டரையே திட்டுகிறார்.

சிவப்பு மை போட்ட தாள்கள் ஐந்தும் கிடைத்தன. மூன்றாவதில் “இதற்கு ஆறு வரி எதற்கு, இரண்டு போதும்” என்று நீ எழுதியிருந்ததைப் பார்த்து ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தேன். இரண்டே வரியில் வந்துவிட்டது! எனக்கு எழுந்து ஆட வேண்டும் போல இருந்தது.

அசெம்ப்ளி லேபில் இப்போது நான் மட்டும்தான். மற்றவர்கள் கெஞ்சிக் கூத்தாடி சி-க்கு மாறிவிட்டார்கள். தருண் என்று ஒருவன் தினமும் “டைப்ரைட்டிங் கிளாஸ் எப்படிப் போவுது?” என்று கேட்கிறான். சிவசங்கரன் சார் கூப்பிட்டு, “ஏம்மா, சின்ன சிப்புக்கே இனிமே சி-தான் வரப்போவுது, இப்பவே மாறிடு, நான் சொல்லி வாங்கித் தரேன்” என்றார்.

“எங்க அக்கா பெங்களூர்ல அதே வேலையில இருக்காங்க சார். யாரும் சி பக்கமே போறதில்லன்னு எழுதியிருக்காங்க” என்றேன்.

“அப்படியா? வேலை பாக்கிறவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று விட்டுவிட்டார்.

அவர் சொன்னது தப்புதானே அக்கா? ஒரு வரி எழுது. தீபாவளிக்கு ஊருக்கு வருவாயா?

ஜானகி

*

ஒக்கலிபுரம்,
24.11.1996

ஜானகிக்கு,

பதில் எழுதத் தாமதம், வேலை அதிகம். தீபாவளிக்கு லீவு கிடைக்கவில்லை. அப்பா அனுப்பிய அதிரசம் வந்தது, பாதி நொறுங்கிப்போயிருந்தது, இருந்தாலும் நன்றாக இருந்தது. சாயங்காலங்களில் தையல் வகுப்புக்குப் போகிறேன். அதனால்தான் உன் தாள்களைத் திருத்த நேரமில்லை. இனிமேல் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அனுப்பு போதும்.

இந்தத் தடவை ஒரு பாடம் சொல்கிறேன், கவனமாகப் படி. சிப்புக்குள் கணக்குப் போட எட்டு ரிஜிஸ்டர்கள், எட்டுக் கிண்ணம் என்று வைத்துக்கொள். தராசு எடையைக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே நடுவில் டைமர் வந்து கதவைத் தட்டும். செய்கிற வேலையை அப்படியே நிறுத்திவிட்டு அதன் வேலையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். டைமரும் அதே எட்டில் கை வைத்தால் பாதிக் கணக்கு நாசம். அதனால் டைமருக்கென்று வேறு எட்டு ஒதுக்கிவிடுவார்கள்.

இங்கே மூன்று பையன்கள் புதுத் தராசு ஒன்றை எழுதுகிறார்கள். ஐந்து கிலோ கல்லை வைத்தால் ஐந்து காட்டும். பத்து நிமிஷம் கழித்து திடீரென்று முந்நூற்றெழுபது கிராம் என்று காட்டும், அப்புறம் அசையாமல் நின்றுவிடும். மூன்று வாரமாகத் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். பிரின்டர் பக்கத்தில் அவர்களுடைய புரோகிராம் அச்சான லிஸ்டிங் கிடந்தது, ஒரு டீ குடிக்கிற நேரம் பார்த்தேன், தெரிந்துவிட்டது. டைமருக்கு வேறு எட்டு கொடுத்திருக்கிறார்கள், சரி. ஆனால் டைமர் வேலைக்கு நடுவில் பல இடங்களுக்கும் பொதுவான ஒரு குட்டிப் புரோகிராமை, சப்ரூட்டீனைக் கூப்பிடுகிறது. அந்த சப்ரூட்டீனுக்கு இந்த மாற்றம் தெரியாது, அது பழைய எட்டிலேயே போய் எழுதிவிட்டு வருகிறது. அவ்வளவுதான் விஷயம்!

நான் சொல்லவில்லை. என்னைக் கேட்டார்களா? என் சீனியர் ரெமிஜியஸ் சார் மட்டும் “என்ன தமயந்தி, முகத்துல ஒரே சிரிப்பா இருக்கு” என்றார். “சும்னே சார், சும்மாதான்” என்றேன். நன்றாக முழிக்கட்டும்.

உன் சார் சொல்வதை எல்லாம் தலையில் போட்டுக்கொள்ளாதே. சேலத்திலும் பனி ஆரம்பித்திருக்கும், காதைக் கட்டிக்கொள்.

தமயந்தி

*

சேலம்,
9.1.1997

அன்புள்ள அக்காவுக்கு,

புது வருஷ வாழ்த்துகள். நலமாக இருக்கிறாயா? தையல் எந்த அளவுக்கு வந்திருக்கிறது? பொங்கலுக்கு எனக்கு ஒரு ரவிக்கை தைத்து அனுப்பு பார்க்கலாம்.

ஒரு செய்தி. டிசம்பரில் புதன்கிழமை பேப்பரில் உங்கள் கம்பெனி விளம்பரம் பார்த்தேன். புதுத் தராசு வேலைக்குக் கடைசி வருஷப் பிள்ளைகளிலிருந்து ஒருவரை எடுக்கிறார்களாம். எழுதிப் போட்டேன். இன்டர்வியூவுக்குக் கடிதம் வந்துவிட்டது! பிப்ரவரி 15, சனிக்கிழமை, காலை பத்து மணி. நீ முன்னாலேயே பார்த்திருந்தால் எனக்குச் சொல்லியிருப்பாய், ஒருவேளை உன் கண்ணில் படவில்லை போல.

ஒரே ஒரு சந்தேகம். ‘சி மொழி கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்’ என்று விளம்பரத்திலும் இருக்கிறது, வந்த கடிதத்திலும் இருக்கிறது. அச்சுப்பிழையா அக்கா?

ஜானகி

*

சேலம்,
3.2.1997
(போஸ்ட் கார்டு)

அக்காவுக்கு, நலம். பதில் இன்னும் வரவில்லை. உடம்பு சரியில்லையோ என்று கவலையாக இருக்கிறது. 15ஆம் தேதி விடியற்காலை பெங்களூர் சிட்டி ஸ்டேஷனில் இறங்குகிறேன். உன் வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுப் போகலாமா? ஜானகி.

*

ஒக்கலிபுரம்,
8.2.1997

ஜானகிக்கு,

நலம். 14, 15 இரண்டு நாளும் ஆபீஸ் வேலையாக ஓசூரில் இருப்பேன். வீடு பூட்டியிருக்கும். ஸ்டேஷன் வெயிட்டிங் ரூமிலேயே குளித்துக்கொள்ளலாம், சுத்தமாக இருக்கும். பீன்யாவுக்கு மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டிலிருந்து நிறைய பஸ் உண்டு.

இன்டர்வியூவில் நீ என் தங்கை என்று சொல்லாதே. சிபாரிசு என்று நினைப்பார்கள். நிறையப் பேர் வருகிறார்கள், கிடைக்காவிட்டால் மனசை விட்டுவிடாதே.

தமயந்தி

*

சேலம்,
16.3.1997

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். நீயும் நலம் என்று சாந்தகுமாரியம்மா சொன்னார்கள். ஆமாம், உன் வீட்டுக்கார அம்மாவேதான். ஸ்டேஷனிலிருந்து உன் வீடு பத்து நிமிஷ நடை, மனசு கேட்கவில்லை, வந்தேன். “தமயந்தி தங்கச்சியா நீ? சும்னே எதுக்கு வாசல்ல நிக்கிற, உள்ள வாம்மா. ஓசூரா? யாரு சொன்னா? சனிக்கிழமைன்னா காலையிலேயே மல்லேஸ்வரத்துக்கு கம்ப்யூட்டர் கிளாசுக்குப் போயிடுவா. ஆறு மாசமா சி படிக்கிறா, பாவம்” என்று சொல்லிவிட்டு வெந்நீர் போட்டுக் கொடுத்தார்கள். உன் மேஜையில் சி புத்தகம் இருந்தது. தையல் மெஷின் இல்லை.

வேலை எனக்குக் கிடைத்துவிட்டது. ஜூன் 16, திங்கட்கிழமை சேர வேண்டும்.

பதினோரு பேர் வந்திருந்தோம். உங்கள் மேனேஜர் ஷங்கர் சார் வெறுத்துப்போய்விட்டார் போலிருக்கிறது. கேள்வி எதுவும் கேட்காமல் அந்தப் புதுத் தராசையும் லிஸ்டிங்கையும் எங்கள் முன்னால் வைத்து, “இது ஏன் நிக்குதுன்னு சொல்லுங்க, அரை மணி நேரம்” என்றார். ஐந்து கிலோ கல், முந்நூற்றெழுபது கிராம். நீ நவம்பரில் எழுதிய அதே தராசு! இன்னும் நீ சொல்லவில்லை.

தாளை நடுவில் மடித்து இடது பக்கம் வரி, வலது பக்கம் தமிழ் என்று எழுதிக் கொடுத்தேன். “யாரு சொல்லிக்கொடுத்தது?” என்றார் ஷங்கர் சார். “தபால்ல படிச்சேன் சார்” என்றேன். ரெமிஜியஸ் சார் தாளைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். நீதான் என்று சொல்ல எனக்கு வாய் வரை வந்தது. சொன்னால், மூன்று மாதமாக அங்கேயே உட்கார்ந்திருக்கிறவள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். அதனால் விழுங்கிவிட்டேன்.

அப்புறம் சி-யில் எழுதச் சொன்னார்கள். எழுதினேன். எனக்கு சி தெரியும் அக்கா. அக்டோபரில் சிவசங்கரன் சார் கூப்பிட்டுச் சொன்ன அன்றைக்கே லைப்ரரிப் பத்திரிகையில் 8051-க்கு சி வந்துவிட்டதைத் தேடிப் படித்தேன், நீ சொன்னது பொய் என்று தெரிந்துவிட்டது. அனுஷாவின் நோட்டை வாங்கி ஹாஸ்டலில் சி படித்தேன். உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் சிவப்பு மை நின்றுவிடும். இந்த அசெம்ப்ளியை உன்னைப் போலச் சொல்லிக்கொடுக்க சேலத்தில் ஆளில்லை. அச்சுப்பிழையா என்று கேட்டதும் வேண்டுமென்றேதான். உனக்கு உறுத்தட்டும் என்று கேட்டேன்.

உனக்கு ஏன் என் மேல் இவ்வளவு எரிச்சல் என்று ஊகிக்க முடியும். ஆனால் என் பக்கமும் கேள். என்னை பி.இ. படிக்க வைத்த அப்பா, வீட்டில் மிக்ஸி நின்றுபோனால் என்னைத் தொட விடமாட்டார். “தமயந்தி வரட்டும்” என்பார். ரேடியோ, ஃபேன், வாசல் பெல், எல்லாவற்றுக்கும் தமயந்தி வரட்டும். மூன்றாம் வருஷ லீவில் மிக்ஸியை நானே கழற்றிச் சரிசெய்து ஓடவிட்டுக் காட்டினேன். “எதுக்கும் தமயந்தி ஒரு தடவை பாத்துடட்டும்” என்றார். அன்றைக்கு உன் மேல் வந்த பொறாமையில்தான், அவள் போகிற வேலைக்கே போய் அவள் பக்கத்திலேயே உட்காருகிறேன் பார் என்று முடிவு பண்ணினேன். உங்கள் கம்பெனி விளம்பரம் என் கண்ணில் தற்செயலாகப் படவில்லை. ஒவ்வொரு புதன்கிழமையும் அதைத்தான் தேடினேன்.

பெங்களூர் மர்பி டவுனில் ஒரு ஹாஸ்டலில் இடம் கேட்டிருக்கிறேன். உனக்குச் சிரமம் வேண்டாம். இருமல் இருந்தால் காட்டிவிடு.

ஜானகி

*

ஒக்கலிபுரம்,
8.6.1997

ஜானகிக்கு அக்கா எழுதுவது.

நலமா என்று கேட்கிறேன், உண்மையாகவே கேட்கிறேன். பரீட்சை முடிந்து உடம்பு தேறியிருப்பாய். எனக்கு இருமல் போய்விட்டது.

மூன்று மாதமாக உனக்குப் பதில் எழுதவில்லை. உன் கடிதத்தை முதல் தடவை படித்ததும், அடிப்பாவி, கள்ளத்தனமாக சி-யும் படித்துவிட்டு என்னிடம் அசெம்ப்ளியையும் கறந்துகொண்டாளே என்று கத்தினேன். சாந்தகுமாரியம்மா ஓடிவந்துவிட்டார்கள். இரண்டாவது தடவை படித்தபோது மிக்ஸியில் வந்து நின்றுவிட்டேன். அது எனக்குத் தெரியாது. அந்த லீவில் நான் ஊருக்கு வந்தபோது அப்பா மிக்ஸியை என் முன்னால் வைத்தார். திறந்து பார்த்தேன். வேலை சுத்தமாக இருந்தது. கடைக்காரர் பார்த்ததாக நினைத்துக்கொண்டு மூடிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஷங்கர் சார் கூப்பிட்டார். “பதினாறாம் தேதி புதுப் பொண்ணு வருது மேடம். உங்க பக்கத்து டேபிளைக் குடுங்க. புதுத் தராசு இனிமே அந்தப் பொண்ணு பொறுப்பு. பழசை எப்பவும் போல நீங்க பாத்துக்குங்க” என்றார். சரி சார் என்று கதவு வரை வந்துவிட்டேன். அங்கிருந்து திரும்பிப் போனேன்.

“அந்தப் பொண்ணு என் தங்கச்சி சார். தபால்ல சொல்லிக்குடுத்தது நான்தான். அந்தக் கோளாறு எனக்கு நவம்பர்லயே தெரியும்” என்றேன்.

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தார். “மூணு பசங்க, மூணு மாசம் மேடம். பிப்ரவரி வரைக்கும் நான் எம்.டி.கிட்ட தினம் திட்டு வாங்கினேன். ஏன் சொல்லல?”

“நீங்க கேக்கல சார்.”

“கேக்கல” என்று அவரும் ஒரு தடவை சொன்னார். பிறகு, “பதினாறாம் தேதி எம்.டி. வராரு, அன்னிக்குப் பேசிக்கலாம், போங்க” என்றார். என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. உன்னைச் சேர்த்துக்கொள்வதில் மாற்றம் இல்லை, அதை மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் வெளியே வந்தேன். என் விஷயம்தான் பாக்கி. எட்டு வருஷ வேலை, ஒரேயடியாகத் தூக்கி எறிந்துவிட மாட்டார்கள் என்று ரெமிஜியஸ் சார் சொல்கிறார். அவருக்கு உன் தாளைப் பார்த்த அன்றைக்கே எல்லாம் தெரியுமாம்.

ஷங்கர் சாரிடம் நான் சொன்னது பாதிதான். அவர்கள் கேட்கவில்லை என்பது நிஜம். மீதியை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, சொல்ல வேண்டியதும் அவரிடம் இல்லை. எனக்கு உன் மேல் பொறாமை, ஜானகி. உன் படிப்பின் மேல், உனக்காக அப்பா போய் நின்ற அந்த அப்ளிகேஷன் வரிசையின் மேல், இரண்டு மொழியும் தெரிந்துகொண்டு நீ வருவதன் மேல். இதை எழுதினால் போய்விடும் என்று நினைத்தேன், போகவில்லை. பதினாறாம் தேதி நீ அந்த மேஜையில் வந்து உட்காரும்போதும் இருக்கும். நீ எதைக் கேட்டாலும் சரியான பதிலைச் சொல்வேன். இப்போதைக்கு என்னால் முடிந்தது அதுதான்.

அக்கா